எழுதி வச்ச சண்டைக்கு எதுக்கு ஆனிவர்சரி? ரெஸ்லிங் கேஃபேப் பத்தி புதுசா வர்றவங்களுக்கு

ஜூன் 25 வந்துட்டா கபில்தேவ் லார்ட்ஸ் பால்கனில கப்போட நிக்கிற போட்டோ காலைலயே எல்லா வாட்ஸ்அப் க்ரூப்லயும் வந்துடும். 1983, இந்தியா 183 ரன், 43 ரன் வித்தியாசத்துல ஜெயிச்சோம், அந்த ஃபைனல்ல அதிக ரன் நம்ம ஸ்ரீகாந்த் அடிச்ச 38தான்னு யாராவது ஒருத்தர் கட்டாயம் எழுதுவாங்க. ஏப்ரல் 2 ஆனா தோனி சிக்ஸ். இதை எதுக்கு கொண்டாடுறோம்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா கடைசி பால் வரைக்கும் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாம நடந்த மேட்ச் அது.

ரெஸ்லிங் ரசிகர்கள்கிட்டயும் இப்படி ஒரு காலண்டர் இருக்கு. மார்ச் 29, ஜூன் 28, ஜூலை 7, நவம்பர் 9. அந்தந்த நாள் வந்தா பழைய வீடியோவ எடுத்துப் போட்டு "25 வருஷம் ஆச்சு, இன்னும் சிலிர்க்குது"ன்னு எழுதுவாங்க. பக்கத்துல இருக்கறவங்க உடனே கேக்குறது ஒண்ணுதான், யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே எழுதி வச்சு நடத்துறதுதானே, அதுக்குப் போய் எதுக்கு ஆனிவர்சரி? நியாயமான கேள்விதான். இதுக்கு பதில் புரியணும்னா கேஃபேப்னு ஒரு சங்கதி இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கணும்.

ரிங்குல நடக்குறது கதைன்னு அதுல வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும், ஆனா வெளியாள் யார்கிட்டயும் அதை ஒத்துக்கக் கூடாது, அவ்ளோதான் கேஃபேப். ரிங்குல மட்டும் இல்ல, ஏர்போர்ட்ல, ஹோட்டல்ல, பெட்ரோல் பங்க்ல, எங்கயுமே ஒத்துக்கக் கூடாது. நம்பியாரை எடுத்துக்கோங்க. திரையில எம்.ஜி.ஆரைப் படாத பாடு படுத்துற வில்லன், நெஜத்துல வருஷா வருஷம் ஒரு கூட்டத்தையே சபரிமலைக்குக் கூட்டிட்டுப் போன குருசாமி. அது ஊருக்கே தெரியும், தெரிஞ்சும் படத்துல பாத்தா கோவம் வரும். கேஃபேப் காலத்து ரெஸ்லருக்கு அந்த ரெண்டாவது வாழ்க்கை கிடையாது. நம்பியார் ரெஸ்லரா இருந்திருந்தா டீக்கடையிலயும் கையைப் பிசைஞ்சுக்கிட்டு முறைச்சுக்கிட்டேதான் நின்னிருக்கணும், எம்.ஜி.ஆர் கூட ஒரே கார்ல போறதை ஒருத்தன் பாத்துட்டாலும் வேலைக்கு ஆபத்து.

இன்னும் சில வார்த்தை தெரிஞ்சா போதும். நல்லவன் ஃபேஸ், கெட்டவன் ஹீல், ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் தாவுனா டர்ன். திட்டம் போட்டு நடக்குறது வொர்க், திட்டத்துல இல்லாம நெஜமாவே நடந்துட்டா ஷூட். எதிராளி அடிச்ச அடி உயிர் போற மாதிரி வலிக்குதுன்னு காட்டுறது செல் பண்றது, கீழ விழுறது பம்ப். இந்த பம்ப் மட்டும் நடிப்புன்னு நினைச்சுடாதீங்க. ரிங்குன்னா இரும்பு சட்டம், அதுமேல பலகை, மேல மெல்லிசா ஒரு ஃபோம், அதுக்கு மேல கேன்வாஸ், அவ்ளோதான். மோவாயை நெஞ்சோட ஒட்டி வச்சு, முதுகு முழுக்க ஒரே நேரத்துல படுற மாதிரி, ரெண்டு கையையும் தரையில அடிச்சு விழக் கத்துக் குடுப்பாங்க, அப்பதான் தலையும் கழுத்தும் தப்பிக்கும். அப்படி ஒரு வருஷத்துக்கு நூத்துக்கணக்குல விழுந்து விழுந்துதான் இவங்கள்ல பல பேருக்கு முதுகும் முட்டியும் கழுத்தும் போயிருக்கு. முடிவு மட்டும்தான் எழுதினது, விழுறது எழுதுனாலும் விழுந்துதான் ஆகணும்.

அந்தக் காலத்துல கேஃபேபை எவ்ளோ தூரம் காப்பாத்தினாங்கங்கறதுக்கு என் மனசுல நிக்கிற தேதி 1975 அக்டோபர் 4. வட கரோலினால வில்மிங்டன் பக்கத்துல ஒரு சின்ன விமானம் விழுந்துச்சு, உள்ள ரெஸ்லர்கள். ரிக் ஃப்ளேருக்கு முதுகெலும்புல மூணு இடத்துல முறிவு, ஜானி வாலன்டைனுக்கு அதுக்கப்புறம் நடக்கவே முடியல, பைலட் பின்னாடி இறந்துட்டார். அதே விமானத்துல டிம் வுட்ஸ்னு ஒருத்தர், முகமூடி போட்டுட்டு மிஸ்டர் ரெஸ்லிங்ங்கற பேர்ல சண்டை போடுற ஃபேஸ், அதாவது கதைப்படி ஃப்ளேருக்கும் வாலன்டைனுக்கும் ஜென்ம விரோதி. விரோதிங்க எல்லாம் ஒரே விமானத்துல போனது வெளிய தெரிஞ்சா மொத்த பிழைப்பும் போச்சுன்னு, அடிபட்ட நிலைமையிலயும் தான் ஒரு ப்ரமோட்டர், அதாவது ஷோ நடத்துறவர்னு சொல்லிட்டார், கொஞ்ச நாள்லயே வலியோட ரிங்குல ஏறி சண்டையும் போட்டார், நான் அந்த விமானத்துல இல்லன்னு ஜனங்க நம்பணுமேன்னு. ஃப்ளேரை இனிமே ரிங்கு பக்கமே போகாதன்னு டாக்டர்கள் சொன்னாங்க, அவர் மறு வருஷமே திரும்பி வந்து அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல ஆடுனார், அது தனிக் கதை.

80கள்ல டிவி பெருசாக ஆக இந்த மறைப்பு தாங்கல. 1984 டிசம்பர்ல ஒரு டிவி நிருபர், ஜான் ஸ்டோசல், இது ஃபேக்தானேன்னு டேவிட் ஷல்ட்ஸ்கிட்ட நேரா கேட்டார், அவர் விட்ட அறையில நிருபர் தரையில, எழுந்ததும் இன்னொரு அறை. 1987 மே மாசம் நியூஜெர்சில போலீஸ் ஒரு காரை நிறுத்துது, உள்ள ஜிம் டக்கனும் அயர்ன் ஷீக்கும். ஒருத்தர் அமெரிக்கக் கொடி தூக்கிட்டு வர்ற தேசபக்தர், இன்னொருத்தர் அமெரிக்காவையே திட்டுற ஈரான்காரர், ரிங்குல பரம எதிரிங்க. கார்ல போதைப்பொருள் இருந்தது ஒரு பிரச்னைன்னா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது அதை விடப் பெரிய பிரச்னையா பேசப்பட்டுச்சு, ரெண்டு பேருக்கும் வேலை போச்சு. கடைசில 1989ல இந்த ஷோவெல்லாம் நடத்துற கம்பெனியே, அப்ப பேர் டபிள்யூடபிள்யூஎஃப், இப்ப டபிள்யூடபிள்யூஇ, நியூஜெர்சி சட்டசபை முன்னாடி இது போட்டி இல்ல, பொழுதுபோக்குதான்னு ஒத்துக்கிச்சு. விளையாட்டுப் போட்டிக்கு உள்ள கட்டுப்பாடும் வரியும் நமக்கு வேணாம்ங்கறதுதான் காரணம். ஜனங்க பாக்குறதை நிறுத்தினாங்களா? இல்ல. 90களோட கடைசிலதான் கூட்டம் இன்னும் ஏறுச்சு.

இப்ப மார்ச் 29க்கு வருவோம். 1987, மிச்சிகன்ல பான்டியாக் சில்வர்டோம், கம்பெனியோட வருஷாந்திரப் பெரிய ஷோவான ரெஸ்ல்மேனியா 3. கம்பெனி சொன்ன கூட்டம் 93,173 பேர், அது கூட்டிச் சொன்ன கணக்குன்னு இன்னைக்கும் வாதம் நடக்குது, எப்படிப் பாத்தாலும் அரங்கம் நிரம்பி வழிஞ்சுது. ஹல்க் ஹோகன், எதிர்ல ஆண்ட்ரே தி ஜெயன்ட், ஏழடி நாலங்குலம், 520 பவுண்டுன்னு அறிவிப்பு. நண்பனா இருந்த ஆண்ட்ரே திடீர்னு எதிரி பக்கம் சேர்ந்து ஹோகன் கழுத்துல கெடந்த சிலுவையை அறுத்து எறிஞ்சார், அதுலதான் கதை ஆரம்பிக்குது. ஆண்ட்ரே 15 வருஷமா தோத்ததே இல்ல, அவரை யாருமே தூக்கிப் போட்டதில்லன்னு விளம்பரம் பண்ணாங்க. ரெண்டுமே நெஜமில்ல. இதே ஹோகனே 1980ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல அவரைத் தூக்கிப் போட்டிருக்கார், 1986ல ஜப்பான்ல இனோகிகிட்ட ஆண்ட்ரே தோத்திருக்கார். ஆனா அன்னைக்கு இண்டர்நெட் இல்ல, அதெல்லாம் யாருக்குத் தெரியும்.

நெஜமா இருந்தது ஆண்ட்ரேவோட வலி. உடம்பு வளர்ந்துகிட்டே போற நோய் அவருக்கு, முதுகுல ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கார், உடைக்குள்ள முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தார். மேட்ச் ஆரம்பத்துலயே ஹோகன் தூக்கப் பாக்குறார், முடியாம மல்லாக்க விழுறார், ஆண்ட்ரே மேல விழுந்து கிட்டத்தட்ட மூணு எண்ணியே முடிச்சிருப்பாங்க (தோள் தரையில இருக்க மூணு எண்ணிட்டா தோல்வி). அங்கிருந்து மெதுவா, ரொம்ப மெதுவா, பன்னெண்டு நிமிஷம் நகர்ந்து கடைசில ஹோகன் தூக்குறார். தூக்கிப் போட்டதும் வர்ற அந்த சத்தத்தைக் கேளுங்க, அதை யாரும் எழுதிக் குடுக்கல. ஆண்ட்ரே அன்னைக்கு ஒத்துழைக்கலன்னா அவரை யாராலயும் தூக்கவே முடிஞ்சிருக்காது, தான் போற காலம் வந்தாச்சு, இடத்தை இவனுக்குக் குடுத்துட்டுப் போவோம்னு ஒரு பெரிய மனுஷன் வலியோட செஞ்சது அது. 1993 ஜனவரில ஆண்ட்ரே போயிட்டார், 2025 ஜூலை 24 ஹோகனும் போயிட்டார், இனிமே மார்ச் 29 வரும்போது அந்த ரிங்குல நின்ன ரெண்டு பேருமே இல்ல.

அடுத்தது ஒரு சங்கிலி, ஒரு கட்டிப்பிடிப்புல ஆரம்பிச்சது. 1996 மே 19, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஸ்காட் ஹாலும் கெவின் நாஷும் போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூக்குப் போறாங்க, இங்க கடைசி ராத்திரி. மேட்ச் முடிஞ்சதும் ஃபேஸ் ரெண்டு பேரும் ஹீல் ரெண்டு பேரும், அதாவது ஹால், ஷான் மைக்கேல்ஸ், நாஷ், டிரிபிள் ஹெச், நாலு பேரும் ரிங்கு நடுவுல கட்டிப்பிடிச்சு ஜனங்களுக்குக் கையாட்டிட்டாங்க. ஒரு ரசிகர் ஒளிச்சு எடுத்துட்டுப் போன கேமராலதான் அது பதிவாச்சு. ரெண்டு பேர் கிளம்பிட்டாங்க, ஷான் சாம்பியன், அதனால தண்டனை டிரிபிள் ஹெச் தலையில விழுந்துச்சு, அடுத்த மாசம் அவர் ஜெயிக்க வேண்டிய கிங் ஆஃப் தி ரிங் பட்டம் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போச்சு. ஜூன் 23 ராத்திரி பட்டம் வாங்கிட்டு மைக்கைப் பிடிச்சு ஆஸ்டின் பேசின பேச்சுலதான் ஆஸ்டின் 3:16ங்கற கோஷம் பொறந்துச்சு, அந்த டி-ஷர்ட் உலகம் முழுக்க ஓடுச்சு. அந்தப் பக்கம் போன ஹாலும் நாஷும் மூணாவது ஆள் ஒருத்தர் வர்றார்னு சொல்லிட்டே இருந்து, ஜூலை 7 ஃப்ளோரிடா டேடோனா பீச்ல அந்த மூணாவது ஆளா ஹல்க் ஹோகன் வந்து நின்னார், நண்பன் ராண்டி சாவேஜ் மேலயே காலைப் போட்டு அழுத்தினார். பத்து வருஷத்துக்கு மேல குழந்தைங்களை வைட்டமின் சாப்பிடு, சாமி கும்பிடுன்னு சொல்லிட்டிருந்த மனுஷன். ஜனங்க குப்பையை அள்ளி ரிங்குல வீசினாங்க, பேட்டி குடுக்கும்போது சுத்தி குப்பை மழை. 2026 ஜூலைக்கு அந்த டர்னுக்கு 30 வருஷம்.

நவம்பர் 9, இதுலதான் கேஃபேப் முழுசா கிழிஞ்சுது, நான் மத்த எல்லாத்தையும் விட அதிகமா திரும்பத் திரும்பப் பாக்குறதும் இதைத்தான். 1997, மான்ட்ரியல், சர்வைவர் சீரிஸ். சாம்பியன் பிரெட் ஹார்ட், கனடாக்காரர், கனடால அவர் ஒரு தேசிய வீரன் மாதிரி. முந்தின வருஷம்தான் 20 வருஷ கான்ட்ராக்ட் போட்டிருந்தார், அதைத் தாங்க முடியலன்னு முதலாளி வின்ஸ் மெக்மஹனே சொல்ல, டபிள்யூசிடபிள்யூக்குப் போக முடிவாச்சு. போறதுக்கு முன்னாடி சாம்பியன் பெல்ட்டை இழக்கணும், ஆனா தனக்குப் பிடிக்காத ஷான் மைக்கேல்ஸ்கிட்ட சொந்த நாட்டுல தோக்க மாட்டேன்னார். கடைசி 30 நாள்ல தன் கதையில தனக்கும் ஒரு சொல் உண்டுன்னு கான்ட்ராக்ட்லயே இருந்துச்சு. அதனால அன்னைக்கு அடிதடில மேட்ச் முடிவில்லாம முடியும், பெல்ட்டை அப்புறம் முறையா ஒப்படைப்பார்னு பேசி வச்சாங்க. மேட்ச் நடுவுல ஷான், பிரெட்டோட சொந்தப் பிடியான ஷார்ப்ஷூட்டரை அவர் மேலயே போடுறார். பிரெட் விட்டுக்குடுக்கல, தோல்வியை ஒத்துக்கறதுக்கு அடையாளமா கையைத் தட்டல, ஒண்ணும் பண்ணல. ரிங்கு பக்கத்துல நின்ன வின்ஸ் மணியை அடிங்கடான்னு கத்துறார், மணி அடிக்குது, ரெஃப்ரி ஏர்ல் ஹெப்னர் குதிச்சு ஓடிப் போய் வெளிய தயாரா நின்ன கார்ல ஏறிடுறார்.

பிரெட்டோட முகத்தைப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு புரியறதுக்கு அவருக்கு சில நொடி ஆகுது, அப்புறம் வின்ஸ் முகத்துல துப்புறார், காத்துல விரலால டபிள்யூ, சி, டபிள்யூன்னு ஒவ்வொரு எழுத்தா எழுதிக் காட்டுறார், மானிட்டரைத் தூக்கி உடைக்கிறார். உள்ள ட்ரெஸ்ஸிங் ரூம்ல வின்ஸுக்கு நெஜமாவே ஒரு குத்து விழுந்துச்சு. ஷான் எனக்கு எதுவும் தெரியாதுன்னு வருஷக்கணக்குல சாதிச்சார், பின்னாடிதான் ஒத்துக்கிட்டார். இதுல விநோதம் என்னன்னா அந்த ராத்திரி ஜனங்களுக்கு வின்ஸ் மேல வந்த நெஜக் கோவத்தையே கம்பெனி கதையாக்கிடுச்சு, அதுவரைக்கும் டிவில வெறும் வர்ணனையாளரா தெரிஞ்சவர் மிஸ்டர் மெக்மஹன்ங்கற கொடூர முதலாளியா மாறி ஆஸ்டின்கிட்ட அடி வாங்குனார், அந்தக் கதைதான் 90களோட கடைசில கம்பெனியைத் தூக்கி நிறுத்துச்சு. 2010 ஜனவரி 4 பிரெட் திரும்பி வந்து ரிங்கு நடுவுல ஷானுக்குக் கை குடுத்து கட்டிப்பிடிச்சார், நடுவுல அவருக்கு ஒரு பக்கவாதமே வந்து போயிருந்துச்சு. அந்தக் கட்டிப்பிடிப்பு வொர்க்கா ஷூட்டான்னு கேட்டா, என்னைப் பொறுத்தவரைக்கும் ஷூட்தான்.

ஜூன் 28 உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், பாக்காதவங்க கம்மி. 1998 பிட்ஸ்பர்க், பதினாறடி கூண்டு உச்சில இருந்து அண்டர்டேக்கர் மேன்கைண்டைத் தூக்கி எறிய, வர்ணனையாளர் மேஜையை உடைச்சுட்டு விழுறார். அது திட்டம். ஸ்ட்ரெச்சர்ல இருந்து எழுந்து திரும்ப மேல ஏறினப்ப கூண்டோட கூரை பெயர்ந்து நேரா ரிங்குக்குள்ள விழுந்தாரே, அது திட்டத்துல இல்ல. பல் உடைஞ்சு மூக்குல சிக்கிக்கிச்சு. மேன்கைண்டா நடிச்ச மிக் ஃபோலிங்கற அந்த மனுஷன் அதுக்கப்புறமும் மேட்சை முடிச்சுட்டுத்தான் போனார், அண்டர்டேக்கரும் அன்னைக்கு கால் எலும்பு முறிவோட.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு தேதியால பதில் சொல்லணும்னா நான் சொல்றது இதே ஃபோலியோட 1999 ஜனவரி 4. அவர் முதல் தடவை சாம்பியன் ஆன மேட்ச் டிவில வந்த நாள். அது ஒரு வாரம் முன்னாடியே படம் பிடிச்சு வச்சது. அதே நேரம் இன்னொரு சேனல்ல லைவா ஓடிட்டிருந்த டபிள்யூசிடபிள்யூ, அந்தப் பக்கம் போகாதீங்க, இன்னைக்கு மிக் ஃபோலி ஜெயிக்கப் போறார், இதைப் போய் யார் பாப்பாங்கன்னு கிண்டலா முடிவையே போட்டு உடைச்சாங்க. ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா, கூட்டம் கூட்டமா சேனலை அந்தப் பக்கம் மாத்துனாங்க. எழுதி வச்ச மேட்ச், ஏற்கனவே நடந்து முடிஞ்ச மேட்ச், முடிவும் தெரிஞ்சாச்சு, அப்பவும் அந்த மனுஷன் பெல்ட்டைத் தூக்குறதைக் கண்ணால பாக்கணும்னு போனாங்க. ஏன்னா அவர் ஒவ்வொரு தடவை விழுந்ததையும் இவங்க கூட இருந்து பாத்திருக்காங்க.

மே 23 மட்டும் யாரும் கொண்டாடறதில்ல. 1999, கான்சாஸ் சிட்டி. பிரெட்டோட தம்பி ஓவன் ஹார்ட் கூரையில இருந்து கயிறுல இறங்கி வர்ற மாதிரி ஒரு என்ட்ரி, கொக்கி விடுபட்டு சுமார் 78 அடில இருந்து ரிங்குல விழுந்து இறந்துட்டார், 34 வயசு. அரங்கத்துல இருந்தவங்க நிறைய பேருக்கு அது நெஜமா ஷோவான்னே முதல்ல புரியல. இது கதையோட பகுதி இல்ல, நெஜம்னு வர்ணனையாளர் ஜிம் ராஸ் டிவி பாக்குறவங்களுக்குத் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டி வந்துச்சு. ஷோவை நிறுத்தாம நடத்துனாங்க. அது எனக்கு இன்னைக்கும் ஒத்துக்க முடியாத விஷயம்.

நம்ம ஊர்ல கேஃபேப் யார்கிட்ட உயிரோட இருந்துச்சுன்னா அண்டர்டேக்கர்கிட்டதான். 90கள்லயும் 2000த்துலயும் ட்ரம்ப் கார்டு வச்சு விளையாடின, டென் ஸ்போர்ட்ஸ் பாத்து வளர்ந்த பசங்க எல்லாருக்கும் தெரியும், அவருக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பொழைப்பார்னு. அந்த வதந்தி சும்மா வரல. 1994 ஜனவரில சவப்பெட்டி மேட்ச்ல யோகோசுனா தலைமையில ஒரு கும்பலே சேர்ந்து அவரைப் பெட்டில அடைச்சாங்க, அவர் ஆவி மேல போற மாதிரி காட்டுனாங்க, ஆகஸ்ட்ல திரும்பி வந்து போலி அண்டர்டேக்கர் ஒருத்தரோட சண்டை போட்டார். அந்தப் போலியா நடிச்ச பிரையன் லீதான் பின்னாடி ஒரு ஹிந்திப் படத்துல அக்ஷய் குமார் கூட மோதுன அண்டர்டேக்கரும்! 1990 நவம்பர் 22 அறிமுகம், 2020 நவம்பர் 22 பிரியாவிடை, சரியா 30 வருஷம், அதுல பெரும்பகுதி மார்க் காலவேங்கற நெஜ மனுஷனை வெளிய காட்டாமலே ஓட்டுனார். ரெஸ்ல்மேனியால 21 தடவை ஜெயிச்சு ஒரு தடவை கூட தோக்காதவர் 2014 ஏப்ரல் 6 ப்ராக் லெஸ்னர்கிட்ட தோத்தப்ப அரங்கமே கல்லா நின்னுச்சு. எழுதினதுதான்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கு அன்னைக்கு தலையில பட்ட அடி நெஜம், ஆஸ்பத்திரிக்குப் போனார், அந்த மேட்சே தனக்கு ஞாபகம் இல்லன்னு பின்னாடி சொன்னார்.

புதுசா பாக்க ஆரம்பிக்கிறவங்க 1987 மார்ச் 29ல இருந்தே தொடங்குங்க, ஆனா முதல்ல ஹோகன் மேட்ச் வேணாம், அதே ராத்திரி நடந்த ராண்டி சாவேஜ் - ரிக்கி ஸ்டீம்போட் மேட்சைப் பாருங்க. ஒவ்வொரு அடியையும் சாவேஜ் முன்கூட்டியே எழுதி ஒத்திகை பாத்த மேட்ச் அது, சுமார் பதினாலு நிமிஷம்தான், ஒரு இடம் கூட தொங்காது. அப்புறம் ஹோகன் - ஆண்ட்ரே. மான்ட்ரியலை மட்டும் எடுத்ததும் பாக்காதீங்க, அதே 1997ல மார்ச் 23 நடந்த பிரெட் - ஆஸ்டின் மேட்சைப் பாத்துட்டு, பிரெட் யாருன்னு நல்லாத் தெரிஞ்சப்புறம் நவம்பர் 9க்கு வாங்க.